முதல், கார்பன், வேலை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய கணினியில் இடம் ஒழித்தது. 2025 ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். நான் சென்னையில் என் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கச்சிராயபாளையத்தில் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எடம் இல்லங்குது எழிலு. ஸ்கேன் பண்ணா சேவ் ஆவ மாட்டேங்குது."

"df அடிம்மா. அப்பறம் ஒரு எடம் வுட்டு, ஒரு கோடு, h."

"நடுக்கோடா, அடிக்கோடா?"

"நடுக்கோடு."

விசைகளின் சத்தம் கேட்டது. அம்மா அடித்தால் மழை தகரத்தில் விழுவதுபோல இடைவெளி இல்லாமல் கேட்கும்.

"தொண்ணூத்தேழுன்னு போட்டுக்குது."

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு ரொம்பிடிச்சி. மூணுதான் மிச்சம்."

"பரீட்சையில வாங்கினா சந்தோசப்படலாம். இதுக்கு இன்னா பண்றது?"

எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை சொன்னேன். அவள் வாசித்தாள். மூன்று கோப்புறைகள்: முதல், கார்பன், வேலை. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு.

"எல்லாத்தயும் மூணு மூணா வெச்சிக்கினு இருக்கியாம்மா?"

"பின்ன? டைப்பு அடிக்கறவ கார்பன் வெக்காம அடிப்பாளா?"

தட்டச்சு இயந்திரத்தில் அவள் பல வருடம் மூன்று தாள் வைத்து மற்றவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தவள். மேல் தாள் அலுவலகத்துக்கு. நடுத்தாள் மனு கொடுப்பவருக்கு. அடித்தாள் அவளுக்கு. கணினிக்கு வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை, இடம்தான் மாறியது. 'முதல்' கோப்புறையில் இருப்பது கொடுத்தபடியே இருக்கும் மனு. மனு கொடுத்தவர் திரும்பி வந்து அலுவலகத்தில் போட்ட பதிவு எண்ணைச் சொன்னால் அதன் அடியில் அதைச் சேர்ப்பாள். அதற்குப் பிறகு தொடமாட்டாள். 'கார்பன்' அதற்குக் காவல். 'வேலை'யில் இருப்பதைத்தான் திருத்துவாள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் நினைவூட்டு மனு கேட்டு வந்தால், அதில் தேதியையும் நாலு வரியையும் மாற்றி அச்சடித்துக் கொடுப்பாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று யோசிக்கவில்லை.

கணினி வட்டில் ஒரு கோப்பின் பெயர் வேறு, உள்ளிருக்கும் சரக்கு வேறு. ஒரே சரக்குக்கு மூன்று பெயர் வைக்கலாம். மூன்று கோப்புறையிலும் பெயர் தெரியும், எதைத் திறந்தாலும் மனு வரும், இடம் ஒன்றுக்குத்தான் போகும். ஒரே மாதிரியான கோப்புகளைத் தேடி இப்படிப் பிணைத்துவிடும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வேண்டுமானால் தொலைவிலிருந்து நானே உள்ளே போய்ச் செய்திருப்பேன். அம்மா அதற்கு ஒப்புக்கொண்டதே இல்லை. "எம் மேசையில நீ கை வெக்காத. சொல்லு, நான் அடிக்கறேன்" என்பாள்.

எண்டர் தட்டும் முன் நிறுத்தினாள்.

"எழிலு, மூணும் இருக்குமில்ல?"

"மூணு எடத்துலயும் இருக்கும்மா."

"பேரு மட்டுமா, மனுவும் இருக்குமா?"

"எல்லாம் இருக்கும். எண்டர் தட்டும்மா, எனக்குத் துணி கெடக்குது."

தட்டினாள். நாலு நிமிடம் ஓடியது. தொண்ணூற்றேழு ஐம்பத்தெட்டானது.

"அப்பாடா" என்றாள். "தண்ணிக் கொடத்த எறக்கி வெச்சா மாதிரி கீது."

ஸ்கேன் படங்கள்தான் இடத்தை அடைத்திருந்தன. அவற்றை யாரும் திருத்தப்போவதில்லை. அந்தக் கோப்புகளை மட்டும் பிணைத்திருந்தால் போதும். அதற்கு இன்னும் ஒரு சொல் சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

*

அம்மாவின் பெயர் ராணியம்மாள். பிறந்தது களமருதூரில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில். வீட்டில் பெண்களை நடவுக்குத்தான் அனுப்பினார்கள். இவள் உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் தட்டச்சு கற்றாள். இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முடித்தாள். அரசு வேலை வரும் என்று இருந்தாள். வரவில்லை. அப்பா தீனதயாளன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை மாதங்களில் மட்டும் வேலைக்குப் போனவர். நான் ஏழாவது படிக்கும்போது இறந்தார். அதற்கடுத்த மாதம் அம்மா ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தையும் மடக்கு மேசையையும் கொண்டுபோய்க் கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அவளை டைப்பம்மா என்றார்கள். பிறகு ஊரும் அப்படியே கூப்பிட்டது. வெயில் தாங்காமல் சுப்புராயன் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குள் மேசையை நகர்த்திக்கொண்டாள். திங்கட்கிழமைகளில் குறைதீர் கூட்டம் என்பதால் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மனுவில் என்ன எழுத வேண்டும் என்று கூட வந்தவர் சொன்னால் அடிக்கமாட்டாள். மனு யாருடையதோ அவர்தான் சொல்ல வேண்டும். கல்லூரி விடுமுறையில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"நீங்க கம்முனு இருங்க. அவரு சொல்லட்டும். பெரியவரே, நெலத்துக்குக் கெழக்கால இன்னா கீது?"

"கெழக்காலயா... எம் மச்சான் கீறான்."

"மச்சான் நகந்து போயிடுவான். நகராதது இன்னா கீது?"

"மச்சான் நகர மாட்டாம்மா. அதான் இப்ப பிரச்சினயே."

கடை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்காமல் கேட்டு முடித்து, கிழக்கே ஒரு பாறை இருப்பதை அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டாள்.

2017இல், அவள் கணினிக்கு மாறிய பிறகு, யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து பாதி மனுக்கள் திறக்காமல் போயின. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, பழைய தட்டச்சு விசை வரிசையையும் ஏற்றிக் கொடுத்தேன். மௌஸால் எப்படித் திறப்பது என்று காட்டிக்கொண்டிருந்தபோது தவறுதலாகக் கட்டளைத் திரை திறந்தது. கறுப்புத் திரை, ஒரு மூலையில் துடிக்கும் சிறு கட்டம்.

"இது இன்னாடி?"

"இதுல அடிச்சே வேல வாங்கலாம். உனக்கு வேணாம், கஷ்டம்."

"அடிக்கறது எனக்குக் கஷ்டமா?"

ஒரு வாரத்தில் பட்டியல் காட்டும் ls, நகலெடுக்கும் cp, நகர்த்தும் mv மூன்றும் அவள் விரலுக்கு வந்துவிட்டன. தமிழில் பெயர் வைத்தால் அந்தத் திரையில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடைந்து நிற்கும். அவள் வாசித்துவிடுவாள். சுப்புராயன் அண்ணன் ஒருமுறை, "டைப்பம்மா, நல்ல மௌஸு ஒண்ணு வந்திருக்குது, வாங்கியாரட்டுமா?" என்று கேட்டதற்கு, "எனக்குப் பத்து வெரலு கீது. ஒரு வெரல வெச்சிக்கினு அம்பு வுட்டுக்கினு இருக்கணுமா?" என்றாளாம்.

அவளுக்கு அந்தத் திரையில் பிடித்தது ஒன்று. சொன்ன வேலையைச் சரியாகச் செய்தால் அது ஒன்றும் சொல்லாது. தப்பாக அடித்தால் மட்டும் பேசும். "சத்தமே இல்லன்னா வேல ஆயிடிச்சின்னு அர்த்தம். மனுசங்க இப்படி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்பாள்.

*

ஜூலை ஆறுக்குப் பிறகு வாரத்துக்கு மூன்று முறை பேசினோம். சாப்பாடு, மழை, பெரியம்மாவின் முழங்கால். கணினியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை நானே கேட்டேன்.

"கம்ப்யூட்டரு எப்படிம்மா கீது?"

"அதுக்கின்னா, நல்லா கீது. எடம் எக்கச்சக்கமா கீது."

சத்தம் இல்லை, அதனால் வேலை ஆகிவிட்டது என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் ஐந்து, செவ்வாய்க்கிழமை காலை, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தவள் பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. மடியில் பை இருந்தது. பைக்குள் மடிக்கணினி. பிடி தளரவில்லை என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். அறுபது வயது. நான் வந்து சேர மாலையானது. புதன்கிழமை பகலில் அடக்கம் செய்தோம்.

அன்று அம்மாவின் ஃபோன் அலமாரியில் அதிர்ந்துகொண்டே இருந்ததை யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

*

ஐந்தாம் நாள் வீட்டில் நானும் பெரியம்மா ஜெயம்மாளும் மட்டும் இருந்தோம். பெரியம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் asdfgf. தட்டச்சுப் பள்ளியில் முதல் நாள் அடிக்கச் சொல்லும் பாடம். இதைவிட மோசமான கடவுச்சொல் கிடையாது என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அடித்ததும் திறந்தது.

அடித்த கட்டளைகளை எல்லாம் அந்தக் கணினி வரிசையாக நினைவில் வைத்திருக்கும், தேதியும் நேரமும் போட்டு. அப்படி வைக்கச் சொன்னது நான்தான். அம்மா ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால் கண்டுபிடிக்க உதவும் என்று.

ஜூலை பதினான்கு, திங்கள்: 'வேலை'யில் 'ராசு-கடுக்காமரம்' என்ற மனுவைத் திறந்திருக்கிறாள். திருத்தி, சேமித்து, அச்சடித்திருக்கிறாள். சாதாரண வேலை.

ஜூலை இருபத்தொன்று, திங்கள், மாலை மூன்றரை: அதே மனுவை 'முதல்' கோப்புறையில் திறந்திருக்கிறாள். மூடியிருக்கிறாள். 'கார்பனி'ல் திறந்திருக்கிறாள். மூடியிருக்கிறாள். பிறகு இரண்டு கோப்புகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் diff கட்டளை. வித்தியாசம் இருந்தால் அது வரிவரியாகக் காட்டும். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாது. அந்த ஒரு கட்டளை ஐந்து முறை அடிக்கப்பட்டிருந்தது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று பெயர், ஒரே சரக்கு. 'வேலை'யில் திருத்தினால் 'முதலு'ம் 'கார்பனு'ம் சேர்ந்தே மாறும். எதையும் தொடாமல் வைப்பதற்காக அவள் உண்டாக்கிய கோப்புறையை 'வேலை'யைத் தொட்டாலே மாறும்படி நான் ஆக்கிவைத்திருந்தேன். வாரம் ஒருமுறை பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கும் ஏற்பாடும் நான் செய்ததுதான். அது மாறியதை ஒழுங்காகக் கொண்டுபோய்ப் பென் டிரைவிலும் எழுதியிருந்தது.

அம்மா அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள். ls கட்டளையை விரிவாகப் பட்டியலிடும்படி அடித்திருக்கிறாள். கோப்பின் பெயருக்கு முன்னால் அதற்கு எத்தனை பெயர்கள் என்று ஓர் எண் வரும். எல்லா மனுவுக்கும் ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. பிறகு பிணைக்கும் கட்டளைக்கான விளக்கப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். முழுக்க இங்கிலீஷ், எனக்கே எரிச்சல் தரும் நடை. இரண்டு நாளில் பதினோரு முறை திறந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

ஜூலை இருபத்துநான்கிலிருந்து வரிகள் ஒரே மாதிரி ஆகின்றன. ஒரு மனுவைப் புதிய பெயரில் நகலெடுக்கிறாள். அந்த நகலைப் பழைய பெயருக்கு நகர்த்துகிறாள். அப்படிச் செய்தால் பிணைப்பு அறுந்து கோப்பு தனியாகும். ஒரு மனுவுக்கு நாலு வரி. அடுத்த மனுவுக்கு நாலு வரி. தினமும் காலை ஐந்து மணி முதல் ஏழு வரை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன். என்னைப் போன்றவர்கள் இதை ஒரே வரியில் எழுதிச் சுழலவிடுவோம். அவளுக்கு அது தெரியாது. தெரிந்ததைக் கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்களைக் கையால் பிரித்திருந்தாள். கடைசி வரி ஆகஸ்ட் ஐந்து, காலை ஆறு ஐம்பத்திரண்டு.

நாற்பத்தொரு மனு பாக்கி இருந்தது.

'வேலை' கோப்புறையில் 'புதன்' என்று ஒரு சிறு கோப்பு.

*புதன். முதல் பஸ் வெள்ளிமலை. இருசம்மாள் ஸ்டாப்பில் நிற்கும்.*
*ராசு தங்கச்சி வீடு. 2019ல் மூன்று பிரதி எடுத்துப் போனார், ஒன்று தங்கச்சிக்கு. பெட்டியில் தேடச் சொல்ல வேண்டும்.*
*முத்திரையும் பதிவு எண்ணும் பார்க்க வேண்டும். 19ந் தேதிக்குள்.*
*பிளாஸ்டிக் கவர் வாங்கியாச்சு.*
*எழிலுக்குச் சொல்ல வேண்டாம்.*

மே மாதம் அலுவலகத்தில் என் கைத்தவறால் ஒரு சர்வர் இரண்டு மணி நேரம் நின்றுபோனது. அன்றிரவு அம்மாவிடம் ஃபோனில் அழுதிருந்தேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை என்று சொல்லியிருந்தேன். அந்தக் கடைசி வரிக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா உள்ளே வந்து, "இன்னாடி, அதையே மொறச்சிக்கினு கீற?" என்றாள். நான் திரையை மூடினேன்.

*

அம்மாவின் ஃபோனில் ஆறு தவறிய அழைப்புகள், எல்லாம் ஆகஸ்ட் ஆறு, புதன்கிழமை. பெயர் 'இருசம்மா மலை'. மறுநாள் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"அம்மா! இன்னாம்மா நீ, புதன்கெழம வர்றேன்னு சொல்லிட்டு வராமயே பூட்ட. மத்தியான பஸ்ஸு வரிக்கும் ஸ்டாப்புலியே குந்திக்கினு இருந்தேன். ஃபோனு பண்ணா எடுக்கல. எம்மேல எதுனா கோவமா?"

"நான் அவங்க பொண்ணு பேசறங்க. எழில்மதி."

"ஆங், சென்னையில கீற பொண்ணா? அம்மா சொல்லும். நல்லா கீறியா? அம்மாகிட்ட குடு."

"அம்மா இல்லீங்க."

"வெளிய போயிருக்குதா? எப்ப வரும்?"

"செவ்வாக்கெழம காலையில தவறிட்டாங்க."

வண்டி ஏதோ கடந்துபோகும் சத்தம் கேட்டது. ஆடு ஒன்று கத்தியது.

"புதன்கெழம நான் திட்டிக்கினு இருந்தனே" என்றார்.

பிறகு அவரே சொன்னார். புருஷன் ராசு 2019இல் அம்மாவிடம் வந்து, தான் பயிர் செய்யும் ஒன்றேகால் ஏக்கருக்குப் பட்டா கேட்டு மனு அடித்துக் கொடுத்தார். கிழக்கே கடுக்காய் மரம், மேற்கே ஓடை என்று எல்லை சொன்னவரும் அவர்தான். பதிவு எண்ணையும் ஒரு வாரம் கழித்து வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் இறந்துவிட்டார். இதற்கிடையில் 2021இல் அவருடைய தம்பி அதே நிலம் தன்னுடையது என்று ஒரு மனு கொடுத்திருக்கிறார். இப்போது விசாரணை, ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி. முதலில் கேட்டது யார் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ். இருசம்மாளிடம் இருந்த பிரதி கூரை ஒழுகி மக்கிப்போனது. மீதி இருந்தது டைப்பம்மாவின் கோப்பு. அந்த எண்ணும் எல்லையும் ராசு சொன்ன வார்த்தையும் அதில்தான் இருந்தன. ஜூலை பதினான்கில் இருசம்மாளின் பெயரில் புது மனு அடிக்க அம்மா 'வேலை'யைத் திருத்தியபோது மூன்று பிரதிகளும் ஒன்றாக அழிந்தன.

"உங்கம்மா எங்கிட்ட மறைக்கல பாப்பா. 'எங்கையாலதான் அழிஞ்சிது இருசு, நானே மேல வந்து தேடறேன்'னு சொல்லிச்சி."

"அவங்க அழிக்கலீங்க. நான்தான். நான் சொல்லித்தான் அவங்க அடிச்சாங்க."

"யாரு அழிச்சா இன்னா" என்றார் இருசம்மாள். கோபம் இல்லை. அவசரம் இருந்தது. "நம்பரு வேணும். பத்தொம்பது வந்துடிச்சி. எங் கொழுந்தன் வக்கீல வெச்சிக்கினு சுத்தறான். எங்கிட்ட இன்னா கீது?"

"உங்க நாத்தனாகிட்ட கேட்டீங்களா?"

"நாத்தனாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த கெடையாது. உங்கம்மா வந்து கேட்டாத்தான் பெட்டியத் தொறக்கும். அவங்க அண்ணனுக்கு மனு எழுதின கைன்னு மரியாத."

"நான் வரட்டுமா?"

"நீ வந்தா தொறக்குமா, தெரியல" என்றார். பிறகு, "வா" என்றார்.

*

பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"கருமாதி ஆவல. பதினாறு முடியாம அடுத்தவங்க வூட்டுப் படி ஏறலாமா? தீட்டோட போயி நின்னா அவங்க குடும்பத்துக்கு எதுனா ஒண்ணு ஆனா உன்னதான் சொல்வாங்க."

"படி ஏற மாட்டேன் பெரிம்மா. தெருவுலியே நிக்கறேன்."

"தெருவுல நின்னு ஒருத்தி பொட்டியத் தொறன்னு கேப்பியா? கேக்கறதுக்கே நல்லா கீதா?"

"பத்தொம்பதாந் தேதி விசாரண. கருமாதி இருவது."

"ஒரு நாளுதான், தள்ளி வெக்கச் சொல்லு."

"எதத் தள்ளி வெக்கறது பெரிம்மா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து துணிகளை எடுக்கப் போனாள். திரும்பி வந்து, "அவளும் இப்படித்தான். ஒண்ணு சொல்லிட்டா மாத்த மாட்டா" என்றாள். "கையில இரும்பு ஒண்ணு வெச்சிக்கோ." பழைய பூட்டின் சாவி ஒன்றைப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பாக்கி நாற்பத்தொரு மனுக்களைப் பிரித்தேன். நகல், நகர்த்து, நகல், நகர்த்து. ஒரே வரியில் நாலு நொடியில் முடித்திருக்கலாம். ஜூலையில் பிணைத்தது அப்படித்தான். இந்த முறை ஒவ்வொரு பெயரையும் அடித்தேன். அம்மா ஆட்களுக்கு வைத்திருந்த பெயர்கள் வரிசையாக வந்தன: 'பாலு-ரேஷன்-நாலாவது தடவை', 'செவிடு-மகன் சான்றிதழ்', 'அழுதுகொண்டே சொன்னவர்'. என் தட்டச்சு வேகம் அவளுடையதில் பாதிகூட இல்லை. கூடத்தில் விசைச் சத்தம் தனியாகக் கேட்டது. இடையில் ஒருமுறை பெரியம்மா பின்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். யார் அடிக்கிறார்கள் என்று பார்த்திருப்பாள்.

'ராசு-கடுக்காமரம்' மனுவையும் பிரித்தேன். மூன்று தனிக் கோப்புகள். மூன்றிலும் இருசம்மாளின் புது மனு. 'முதல்' கோப்புறையில் இருப்பதைத் திறந்து, எல்லா வரிகளையும் அழித்து, வெறுமையாகச் சேமித்தேன். அங்கே இருக்க வேண்டியது இருசம்மாளின் நாத்தனார் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

*

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் அம்மா உட்கார்ந்த அதே சிமென்ட் பலகையில் உட்கார்ந்தேன். தினமும் அவள் உட்காரும் இடம் எது என்று பூக்காரம்மா கேட்காமலே காட்டினார். மடியில் அவளுடைய பை. அதில் மடிக்கணினி, சார்ஜர், சாவி, ஒரு பாட்டில் தண்ணீர், அம்மா வாங்கி வைத்திருந்த, ஏ-நாலு அளவில் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கவர்.

வெள்ளிமலை பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டைப்பம்மா பொண்ணா?"

"ஆமாங்க."

"போன வாரம் மேல போவணும், முன்னால சீட்டு புடிச்சி வையின்னு எங்கிட்ட சொல்லியிருந்துச்சி" என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

அணையைத் தாண்டும்போது இருசம்மாள் கூப்பிட்டார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டன். கரும்புக் கொல்லயெல்லாம் தாண்டியாச்சி."

"நான் ஸ்டாப்புலதான் கீறேன். நேத்து ஆள் வுட்டு சொல்லியனுப்பினேன் நாத்தனாகிட்ட, டைப்பம்மா பொண்ணு வருதுன்னு."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

மலை ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே சிக்னல் போனது. ஃபோனைப் பையில் வைத்துவிட்டுக் கவரை வெளியே எடுத்தேன். விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன்.